பேரரசரின் பதிற்றாண்டும் அருளப்பனின் பன்னிரண்டரையும்

கப்பலின் வயிற்றுக்குள் புகைவண்டி நுழைந்தது. இதை உவமையாகச் சொல்லவில்லை. டென்மார்க்கில் தீவுக்கும் தீவுக்கும் நடுவே கடல் குறுக்கிட்டால், பயணிகளை இறக்கி ஏற்றும் தொல்லை எதற்கென்று வண்டியையே கப்பலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். தண்டவாளம் கரையிலிருந்து நேரே கப்பலின் அடித்தளத்துக்குள் போகிறது. வண்டி நின்றதும் அனைவரும் எழுந்து, தேவாலயத்தில் நற்கருணைக்குப் போகிறவர்களைப்போல் வரிசையாக மாடிக்கு ஏறினார்கள். நானும் ஏறினேன். மேலே உணவுச்சாலை இருந்தது.

கறுப்பு ரொட்டித் துண்டொன்றின்மேல் வெண்ணெய், அதன்மேல் வினாகிரியில் ஊறிய மீன், அதன்மேல் வெங்காய வளையம். மன்னாரில் பிறந்த எனக்கு மீன் புதிதன்று. சீனி சேர்த்த மீன் புதிது. முதல் வாயில் இது என்ன அநியாயம் என்று தோன்றியது. நான்காவது வாயில் இன்னொரு துண்டு கேட்கலாமா என்று பார்த்தேன். அந்தத் தயக்கத்தில் நேரம் போயிற்று. கப்பல் கரையை அணுகியதும் கீழே ஓடி, சிவப்பாயிருந்த பெட்டியொன்றில் ஏறி அமர்ந்தேன். எல்லாப் பெட்டிகளும் சிவப்பு என்பதைப் பின்னர்தான் கவனித்தேன்.

எதிரே இருந்த முதியவர் பையிலிருந்து கறுப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து அன்போடு நீட்டினார். மிட்டாய் என்றால் இனிக்கும் என்ற நம்பிக்கையில் வாயிலிட்டேன். உப்பு! கடல்நீரைக் காய்ச்சி மருந்துக் கசப்பையும் கலந்து உருட்டியதுபோன்ற உப்பு. துப்ப வழியில்லை. அவர் என் முகத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். "நன்றாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் பொய் சொன்னேன். மகிழ்ந்துபோய் இன்னொன்று தந்தார். பிறகு, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். ஓகூஸ் என்றேன். "இந்தப் பெட்டி அங்கே போகாதே. வண்டி இரண்டாகப் பிரியும். முன்பாதி வடக்கே, நாம் மேற்கே" என்றார். அவர் சொல்லி முடிக்கவும் வண்டி பிரிந்து நகரவும் சரியாயிருந்தது. என் பெட்டி படுக்கைகள் முன்பாதியில், எனக்கு முன்னதாகவே ஓகூஸுக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு வண்டிகள் மாறி நான் போய் இறங்கியபோது, என்னை அழைத்திருந்த பேராசிரியர் என் பையை மார்போடு அணைத்தபடி மேடையில் நின்றார். "உங்கள் பை நேரந்தவறாமல் வந்தது" என்றார். அந்நாட்டார் சிரிக்காமல் பகிடி பண்ணுவார்கள் என்பது எனக்குக் கிடைத்த முதற் பாடம்.

எண்பத்தாறாம் ஆண்டின் இலையுதிர் காலம் அது. நான் போன காரியம் சிறியது. மன்னார்க் கரையில் மாந்தைப் பக்கத்தில் மழைக்குப் பின் மண்ணைக் கிளறினால் உரோமச் செப்புக் காசுகள் அகப்படும். விரல்நகமளவே இருக்கும் அவற்றின் ஒருபுறம் தேய்ந்த அரச முகம். மறுபுறம் இலைமாலை வளையம், அதனுள் சில எழுத்துகள். பத்தாண்டுக்கான நேர்த்தி நிறைவேறியது, இருபதாண்டுக்கு மேலும் நேர்கிறோம் என்பது அவ்வெழுத்துகளின் சுருக்கம். பேரரசன் பத்தாண்டு ஆண்டால் எடுக்கும் விழாவுக்கு இலத்தீனில் தெக்கென்னாலியா என்று பெயர். ஐந்தாண்டுக்குக் குவின்குவென்னாலியா, இருபதுக்கு வீக்கென்னாலியா, முப்பதுக்குத் திரீக்கென்னாலியா. உரோம வரலாற்றைத் தமிழில் எழுதத் துணிந்த நான் இந்த நான்கு சொற்களின் முன்னே நான்கு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தேன். ஐயாண்டு விழா, பதிற்றாண்டு விழா வரை வந்துவிட்டேன். அப்பால் நா இடறியது. இந்நிலையில்தான், அக்காசுகளைப் பற்றிச் சிறு கட்டுரை படிக்குமாறு ஓகூஸிலிருந்து அழைப்பு வந்தது.

மறுநாள் கூட்டம். வந்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமரக்கூடிய அளவினரே. மேசை நடுவில் மெழுகுதிரி எரிந்தது. பகல் பத்து மணிக்கு எதற்கு மெழுகுதிரி, யாராவது இறந்துவிட்டார்களா என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டேன். "இல்லை, அழகுக்காக" என்றார். நான் என் கட்டுரையைப் படித்தேன். முதற் பேரரசன் தன் அதிகாரத்தைப் பத்தாண்டுத் தவணையாகவே ஏற்றதாகப் பாவனை செய்தான்; தவணை முடியும்போதெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்து, பிறர் வற்புறுத்தியதால் ஏற்பதுபோல் மீண்டும் ஏற்றான்; அந்த நாடகத்தின் நிழல்தான் இவ்விழாக்கள் என்றேன். உண்மையில் பத்தாண்டு நிறையும்வரை எல்லாரும் காத்திருக்கவில்லை; பத்தாம் ஆண்டு பிறந்ததுமே விழா எடுத்தவர் உண்டு; ஒருவன் இருபதாண்டு விழாவை இருபதாம் ஆட்சியாண்டின் தொடக்கத்தில் கீழ்த்திசை நகரொன்றிலும், முடிவில் உரோமாபுரியிலுமாக இருமுறை கொண்டாடினான் என்றும் சொன்னேன்.

பேராசிரியர் தலையசைத்தார். "எங்களுக்கு இது விளங்கும். நாங்கள் திருமணத்துக்குப் பன்னிரண்டரை ஆண்டிலேயே விழா எடுக்கிறோம்."

"அது என்ன அரை?"

"இருபத்தைந்து வெள்ளி. அதில் பாதி செம்பு. வெள்ளிக்காகக் காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை."

உரோமர் விழாக்களை எண்ணால் அழைத்தார்கள். நாமோ வெள்ளி, பொன், மணி என்று உலோகத்தையும் கல்லையும் கொண்டு பெயரிடுகிறோம். ஆயினும் செம்புக்கு இறங்கியதில்லை. டேனியர் இறங்கியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, சீனியிட்ட மீனை அன்றும் இருமுறை உண்டேன்.

மூன்றாம் நாள் அருளப்பன் என்னை அழைத்துப்போகக் கார் கொண்டுவந்தான். அவன் மனைவி ஜெசிந்தா என்னோடு ஒரே பாடசாலையில் மனையியல் கற்பித்தவள். நான் மூத்தவள் என்பதால் அவளுக்கும் அவனுக்கும் நான் 'ரீச்சர்'. அவன் இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வந்து, ஹொல்ஸ்டெப்ரோவில் இறைச்சித் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்ந்தவன். அவள் வந்தது அந்த ஆண்டு வைகாசியில். குழந்தைகள் இல்லை. இரண்டு மணிநேரப் பயணத்தில் வயல், காற்றாலை, பன்றிப் பண்ணை, மீண்டும் வயல். வீதியில் மனிதரே இல்லை. ஊரடங்குச் சட்டமோ என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர், இது சும்மா ஞாயிற்றுக்கிழமை" என்றான் அருளப்பன். சற்றுப் பொறுத்து, "வீட்டில ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு. நீங்களே பாப்பியள்" என்றான்.

பார்த்தேன். இரவு உணவுக்கு அமர்ந்ததும் ஜெசிந்தா எனக்குச் சோறிட்டாள், மீன்குழம்பு ஊற்றினாள். பிறகு என்னை நோக்கி, "ரீச்சர், கறி காணுமோ எண்டு அவரைக் கேளுங்கோ" என்றாள். அந்த 'அவர்' என் முழங்கையை இடிக்குமளவு அருகில் இருந்தார்.

"போதுமா?" என்றேன்.

"காணும். நல்லாயிருக்கெண்டு சொல்லுங்கோ ரீச்சர்."

"நல்லாயிருக்காம்."

"எனக்குக் கேட்டது" என்றாள் அவள்.

நான் வருமுன் இந்தத் தூதுவேலையைச் செய்தவர் குளிர்பதனப் பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த அந்தோனியார் என்பது பின்னர் தெரிந்தது. 'அந்தோனியாரே, பாண் முடிஞ்சுது எண்டு இவருக்குச் சொல்லும்' என்பாள். அருளப்பன் போய் ரொட்டி வாங்கி வருவான். காணாமற்போன பொருள்களைத் தேடித்தரும் புனிதர், ஒரு குடும்பத்தின் பேச்சைத் தேடித்தர முடியாமல் ஐந்து மாதமாகச் சுவரில் தொங்கினார்.

சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி காரணம் கேட்டேன். "ஆறு மாசத்தில கூப்பிடுறன் எண்டு போனவர், ரீச்சர். ஆறு மாசம் இரண்டு வருசத்துக்கு மேல போச்சு. இவரின்ர ஐயா பாயில கிடந்தவர், நான்தான் பாத்தனான். ஐயா செத்தவர்; நான்தான் தூக்க ஆள் பிடிச்சனான். அந்த நேரமெல்லாம் ஆமிக்காரர் ஒருபக்கம், மழை ஒருபக்கம். இவர் இஞ்ச இருந்து ரெலிபோனில 'சமாளி' எண்டு சொன்னவர்." துடைத்த தட்டையே மீண்டும் துடைத்தாள். "நான் சண்டை பிடிக்கேல்லை. சமைக்கிறன், தோய்க்கிறன். அவரோட கதைக்க மட்டும் எனக்கு வாய் வரேல்லை."

நான்காம் நாட் காலை, அடுத்த வீட்டு இங்கெர் என்னைத் தேடி வந்தார். அறுபதைத் தொடும் பெண்மணி. முன்பு அஞ்சலகத்தில் வேலை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். ஜெசிந்தா கடைக்குப் போயிருந்தாள். இங்கெர் இடவலம் பார்த்துவிட்டு, கள்ளக் கடத்தலுக்குக் கூட்டாளி சேர்ப்பவரைப்போல் என் காதருகே குனிந்தார்.

"நாளைக்கு இவர்களுடைய செம்புத் திருமணம். பன்னிரண்டரை ஆண்டு. தெரு முழுவதும் விடியற்காலையில் வரும். பெண்ணுக்குத் தெரியக்கூடாது."

தேதி எப்படித் தெரியும் என்று கேட்டேன். சென்ற ஆண்டு அருளப்பனுக்கு ஏதோ அரசாங்கத் தாள் நிரப்ப உதவியபோது தாமே அத்தேதியைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். "மனைவி வந்து சேரவேண்டுமே என்று அப்போதிருந்தே பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, வந்துவிட்டாள்."

அத்தேதி எனக்கும் தெரிந்ததே. அதற்குச் சாட்சிக் கையொப்பமிட்டவளே நான். ஆனால் அது எழுத்து நடந்த நாள். நம்மவரிடையே எழுத்து எனும் திருமணப் பதிவை முதலில் முடித்துவிட்டு, பெண் பிறந்தவீட்டிலேயே இருக்க, மாதங்கள் கழித்துக் கோவிலில் தாலி கட்டுவது வழக்கம். ஜெசிந்தாவுக்குச் சித்திரையில் எழுத்து. கோவிலில் திருமணம் அடுத்த தை மாதத்தில். தாளில் இருக்கும் தேதியே திருமணநாள் என்று இங்கெர் நம்பியதில் வியப்பில்லை. தாள் கேட்ட தேதியைத் தாளுக்குச் சொன்ன அருளப்பன்மீதும் பிழையில்லை. எனினும் கணக்குப்படி செம்பு இன்னும் ஒன்பது மாதம் பிந்தித்தான் பழுக்கவேண்டும்.

சொல்லிவிடுவதா? ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் உறக்கம் வராத பழக்கம் எனக்கு உண்டு. இங்கெருடைய முகத்தைப் பார்த்தேன். நாட்காட்டியில் ஓராண்டாக ஒரு வட்டத்தைக் காத்துவந்த முகம். காலத்துக்கு முந்தி விழா எடுப்பதற்குப் பேரரசர்களிடமே முன்மாதிரி இருக்கிறது என்று எனக்கு நானே தீர்ப்பளித்துக்கொண்டேன்.

பிற்பகலில் இங்கெரின் வாகனக் கொட்டகையில் தெருவே கூடியிருந்தது. தரையில் ஊசியிலைக் கிளைகள் மலைபோல் குவிந்திருந்தன. ஆண்கள் கிளையை ஒடிக்க, பெண்கள் கம்பியால் கயிற்றில் வரிந்து கட்டினார்கள். நடுவே பீர்ப் போத்தல்கள் ஒழுங்காகக் குறைந்துகொண்டிருந்தன. எனக்கும் கையுறையும் கம்பியும் தந்தார்கள். அருளப்பனும் வேலையிலிருந்து நேரே வந்துவிட்டான். தன் விழாவுக்குத் தானே மாலை கட்டும் மாப்பிள்ளையை அன்றுதான் கண்டேன்.

"மாப்பிள்ளைக்கு இங்கே இடமில்லை, உனக்கு ஒன்றும் தெரியாது!" என்று இங்கெரின் கணவர் ஸ்வென் அவனை விரட்டினார்.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்று டேனிய மொழியில் ஒப்புக்கொண்ட அருளப்பன் ஒரு பீரைப் பெற்றுக்கொண்டு கிளை ஒடிக்க உட்கார்ந்தான்.

கட்டியபடியே, நாளைய நடைமுறையை இங்கெர் விளக்கினார். விடிந்தும் விடியாததுமாக வாசலில் பச்சை வளைவு கட்டப்படும். தெரு கூடிப் பாடும். கணவனும் மனைவியும் படுக்கையிலிருந்து எழுந்தபடியே கதவைத் திறந்து, வளைவின் கீழ் இருவராக வந்து நிற்கவேண்டும். பிறகு எல்லாரையும் உள்ளே அழைத்துக் காலையுணவு தரவேண்டும்.

அருளப்பன் என்னிடம் நகர்ந்து வந்தான். பீரின் களிப்பு முகத்திலிருந்து இறங்கியிருந்தது.

"இருவராக எண்டோ சொல்லுறா?"

"அப்படித்தான் சொல்கிறார்."

"ரீச்சர், அவ வரமாட்டா. இவ்வளவு சனமும் வந்து பாட, நான் தனிய நிண்டா...? இந்தத் தெருவில எனக்கு வேற ஆர் இருக்கினம்? இவையள்தானே. நாளையிலயிருந்து என்ர முகத்தைப் பாக்கேக்க இவைக்கு அதுதான் ஞாபகம் வரும்." ஒரு கிளையை ஒடிக்க முயன்று ஒடியாமல் வளைத்தான். "நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

"அவளுக்குத் தெரியக்கூடாது என்கிறார்களே."

"தெரியாமல் விட்டா அவ கதவைப் பூட்டிப்போட்டுப் படுத்திருப்பா."

அன்று மாலை ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நாளைக்கோ? அண்டைக்கு நான் கையெழுத்துத்தானே வைச்சனான்? வைச்சுப்போட்டு வீட்டை வந்து அம்மாவோட படுத்தனான். நீங்களும்தானே நிண்டனீங்கள், ரீச்சர்!"

பேரரசர் விவகாரத்தை எடுத்துரைத்தேன். பத்து நிறையுமுன்பே பதிற்றாண்டு கொண்டாடியவர்களைச் சொன்னேன். அரியணைக்கு ஓராண்டு பிந்தி வந்த இணையரசன், மூத்தவனோடு சேர்ந்தே இருபதாண்டு விழாக் கொண்டாடியதைச் சொன்னேன். எழுத்து நாளிலிருந்து எண்ணினாலும் குற்றமில்லை என்று முடித்தேன்.

"அந்த ராசா சண்டைக்குப் போய் நிண்ட வருசங்களையும் கணக்கில சேர்த்தவையோ?"

"சேர்த்தார்கள்."

"அந்த நேரம் வீட்டை ஆர் பாத்தது?"

"நூல்களில் இல்லை."

"ராசாவின்ர மனிசியை ஒருத்தரும் கேக்கேல்லையாக்கும்."

நாற்பதாண்டு இலத்தீன் படிப்பு அந்த வெங்காயத்தின் முன் கண்கலங்கி நின்றது.

"நான் வெளியில வரமாட்டன், ரீச்சர்" என்றாள் ஜெசிந்தா நிதானமாக. "ஆளில்லாத வருசத்துக்கு வளைவு கட்ட ஏலாது. பாட்டு அவருக்குத்தானே, அவரே நிண்டு கேக்கட்டும்." பிறகு, வாயிலில் காத்து நின்ற அருளப்பனை நோக்காமல் என்னிடமே கேட்டாள்: "எத்தினை பேர் வருவினமாம்?"

"இருபது பேருக்கு மேல் இருக்கும்."

"இருபதோ!" அரிந்த வெங்காயத்தைப் பார்த்தாள். அலுமாரியைத் திறந்து மாவை எடுத்தாள். "வாற சனத்தை வெறும் வயித்தோட அனுப்ப ஏலாது. அது வேற, இது வேற. ரின்மீன் கிடக்கோ எண்டு அவரைக் கேளுங்கோ. இல்லாட்டி வாங்கிவரட்டும். கெதியா. கடை பூட்டிப்போடுவாங்கள்."

தகரத்தில் அடைத்த மீனுக்காக அவன் ஓடினான். அன்று மாலை முழுவதும் அவள் மீன் ரோல் சுருட்டினாள். நான் முட்டை அடித்துக் கொடுத்தேன். அவன் ரொட்டித்தூள் இடித்தான். மூவரும் ஒரே மேசையில் வேலைசெய்தோம். பேச்சு மட்டும் என் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"தூள் இன்னும் கொஞ்சம் நைசா வேணுமெண்டு சொல்லுங்கோ."

"நைசாக வேண்டுமாம்."

"சரியெண்டு சொல்லுங்கோ ரீச்சர்."

தூதர்களை அக்காலத்தில் ஏன் விலக்களித்து மதித்தார்கள் என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

ஐந்தாம் நாள், இருள் கலையும் வேளையில் வாசலில் சுத்தியல் ஓசை கேட்டது. அதற்குமேல் யாரோ யாரையோ 'உஷ்' என்று அடக்கும் ஓசை. இந்த இரண்டாவது ஓசைதான் பெரிதாயிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அருளப்பன் விழித்தே இருந்தான். இரவுச் சட்டைக்குமேல் கம்பளி மேலங்கி அணிந்து, கதவின் பின்னால் நின்றான். ஜெசிந்தா சமையலறையில் எண்ணெய்ச் சட்டியின் முன் நின்றாள். ஒரே வீட்டின் இரு முனைகள், நடுவில் நான்.

வெளியே ஊதுகொம்பு முழங்கியது. பாட்டு தொடங்கியது. அருளப்பன் கதவைத் திறந்து தனியே வெளியே போனான். அவன் பின்னால் நானும் ஓரமாகப் போய் நின்றேன். குடைகளின் கீழே தெரு முழுவதும் நின்றது. தொப்பி அணிந்த ஆண்கள், பல் விளக்காத முகங்கள், கூடைகளில் ஆவி பறக்கும் உருண்டை ரொட்டிகள். பாட்டு முடிந்தது. எல்லாக் கண்களும் அவனைத் தாண்டித் திறந்த கதவை நோக்கின. கதவு வெறுமையாயிருந்தது.

ஸ்வென் தொண்டையைச் செருமினார். ஊதுகொம்புக்காரர் அவரைப் பார்த்தார். பாட்டு மீண்டும் முதலடியிலிருந்து தொடங்கியது. முன்னினும் உரக்கப் பாடினார்கள். இரண்டாம் முறையும் முடிந்தது. அருளப்பன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கெர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன், அங்கும் மழைதான். ஊதுகொம்பு மூன்றாம் முறை எழுந்தது. பாட்டு தெரியாத நானும் இப்போது அதைப் பாடக்கூடியவளாயிருந்தேன்.

மூன்றாம் முறை பாதியில் ஜெசிந்தா வந்தாள். வீட்டில் உடுக்கும் சோட்டிக்குமேல் கம்பளிச்சட்டை, கையில் மாவு, நெற்றியில் வியர்வை.

"எத்தினை தரம் பாடுவினம், ரீச்சர்? மழைக்க நிக்கிற சனம் பாவமெல்லோ" என்றாள். அவர்கள் நிறுத்தாமல் பாட, அவள் நிமிர்ந்து வளைவைப் பார்த்தாள்.

அப்போதுதான் நானும் அதைச் சரியாகப் பார்த்தேன். வாசலின் இடப்புறம் பச்சைத்தூண் ஒன்று எழுந்து, மேலே வளைந்து, கதவின் நடு உச்சிக்கு வந்ததும் நின்றுவிட்டிருந்தது. அங்கிருந்து வலப்புறம் ஒன்றுமில்லை. கூரைப்பீலியிலிருந்து நீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதென்ன, பாதியில விட்டிட்டினம்?"

பாட்டு முடிந்ததும் இங்கெரைக் கேட்டேன். "செம்புக்குப் பாதி வளைவுதான் வழக்கம்" என்றார். "மற்றப் பாதி வெள்ளிக்கு." ஜெசிந்தாவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

அவள் தூணை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பிறகு வெறுமையான பக்கத்தைப் பார்த்தாள். தெரு பொறுமையாகக் காத்திருந்தது.

"சரியாத்தான் கட்டியிருக்கினம்" என்றாள். நடந்துபோய்ப் பச்சைத்தூணின் கீழ் நின்றாள். "ரீச்சர், அவரை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்கோ."

சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அருளப்பன் வளைவில்லாத பக்கம் போய், பீலி ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே நின்றான். தெருவுக்கு இது என்ன ஏற்பாடென்று விளங்கியிராது. இருவரும் வந்து நின்றார்கள், அது போதும். ஸ்வென் தொப்பியைக் கழற்றினார். ஹுர்றா என்று மும்முறை. சற்று நிறுத்தி மீண்டும் மும்முறை. பின்னும் மும்முறை. ஒவ்வொரு ஹுர்றாவுக்கும் பீலி அவன் தலையில் ஒரு சொட்டு விட்டது. அவன் அசையவில்லை. நீர் முடியிலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து மூக்குநுனிக்கும் இறங்கியது. அதைத் துடைக்கக்கூடக் கையை உயர்த்தவில்லை.

ஜெசிந்தா நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது ஹுர்றாவில் ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தாள். ஒன்பதாவது முடிந்தது. இனிச் செய்யவேண்டியது என்னவென்று தெரியாமல் தெரு கைதட்டியது. அவன் தும்மினான்.

அவள் தூணோடு ஒட்டி நகர்ந்து, தன் அருகே ஓராள் நிற்கும் இடம் விட்டாள்.

"இஞ்சேருங்கோ, இஞ்சால வாங்கோ. தடிமன் பிடிச்சா நான்தானே பேந்து கிடந்து பாக்கவேணும்."

அருளப்பன் பழக்கத்தால் என் பக்கம் திரும்பி, நான் எடுத்துச் சொல்வதற்காகக் காத்து நின்றான்.

"ரீச்சரை என்ன பாக்கிறியள்?" என்றாள் ஜெசிந்தா. "உங்களோடதான் கதைக்கிறன்."